பையைக் கட்ட வேண்டியது யார்? முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் முகாம் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். மூன்று நாள், ஐந்து நாள் என்று வெளிப்புறக் கல்வி முகாமுக்கு நீங்கள் அழைத்துவரும் பிள்ளைகளோடு நடக்கும் வழிகாட்டிகள் நாங்கள். பேருந்திலிருந்து பைகள் இறங்கும்போதே அந்த முகாம் எப்படிப் போகும் என்பது பாதி தெரிந்துவிடும். ஏதாவது ஒரு பிள்ளையிடம், "உன் ரெயின்கோட் எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "அம்மாதான் வச்சாங்க, எங்கேன்னு தெரியல" என்று பதில் வந்தால், அந்த ரெயின்கோட் வீட்டிலேயே இருந்திருந்தாலும் ஒன்றுதான். மழை வந்த இரண்டாவது நிமிடத்தில் பையிலிருக்கும் அத்தனையையும் சேற்றில் கொட்டித் தேடுவார்கள்.

பொருள் பட்டியலைப் பெற்றோருக்கு அனுப்பி, கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை வாங்கிவிட்டால் தயாரிப்பு முடிந்தது என்று பல பள்ளிகள் எண்ணுகின்றன. பட்டியல் தயார்செய்வது பெற்றோரைத்தான். நடப்பதும் நனைவதும் நள்ளிரவில் எழுந்து கழிப்பிடம் தேடுவதும் பிள்ளை. அந்தப் பிள்ளை இதையெல்லாம் பள்ளி வளாகத்திலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதற்கு ஆறு வாரம் போதும். இரண்டு வாரத்தில் முடிக்கப் பார்த்தால் ஷூவும் பழகாது, மருத்துவப் படிவமும் ஒழுங்காக வராது.

காலிலிருந்து தொடங்குவோம். முகாமில் எங்கள் முதலுதவிப் பெட்டியில் முதலில் தீர்ந்துபோவது ஒட்டும் டேப்தான். வியர்வையில் ஊறிய தோல், உள்ளே சூடு, அதன்மேல் உராய்வு, இந்த மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். பயணத்துக்கென்று முந்தின நாள் வாங்கிய ஷூ இந்த மூன்றையும் இலவசமாகத் தரும். ஷூ வாங்கும்போதோ இரவல் பெறும்போதோ ஒரு சின்னச் சோதனை: கயிற்றைத் தளர்த்தி, பாதத்தை முன்னுக்குத் தள்ளி, விரல் நுனி ஷூவின் முனையைத் தொடும்படி நிற்கச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். நகத்தை மூன்று நாலு நாளுக்கு முன்பே நேராக வெட்டிவிட வேண்டும். கிளம்பும் காலையில் அவசரமாக ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் நொண்டியபடிதான் திரும்புகிறார்கள்.

அலமாரியில் பல வருடம் கிடந்த ஷூ இன்னொரு வகை. பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும். அடிப்பாகத்தின் நுரைப்பொருளும் பசையும் காலப்போக்கில் சும்மா கிடந்தே சிதைந்திருக்கும். முதல் ஈரத்தில் அடி தனியே பிளந்து வாய் திறக்கும். அண்ணனுடைய ஷூவை வாங்கிக்கொண்டு வரும் பிள்ளை, அதைப் போட்டு நாலு நாளாவது நடந்திருக்க வேண்டும்.

பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. நடக்க இரண்டு ஜோடி, தூங்க மட்டும் ஒரு ஜோடி. கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சுருக்கென்று எரியும். அப்போதே நின்று டேப் ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. பிள்ளைகள் சொல்லமாட்டார்கள், தன்னால் வரிசை முழுதும் நிற்கிறதே என்ற கூச்சம். ஆகவே நடக்க ஆரம்பித்த இருபதாவது நிமிடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, எல்லோரும் ஷூவைக் கழற்றிக் காலைப் பார்க்கச் சொல்வதைப் பயிற்சி நடையிலேயே வழக்கமாக்குங்கள். புது ஷூவோடு வரும் ஆசிரியர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறோம்.

பயிற்சி நடை மூன்று போதும். முதல் வாரம் வெறும் பையோடு இரண்டு மணி நேரம். மூன்றாம் வாரம் பாதி எடையோடு அரை நாள். ஐந்தாம் வாரம் முழு எடையோடு ஒரு நாள், மேடு பள்ளம் இருக்கும் பாதையில். அன்று மழை பெய்தால் ரத்து செய்யாதீர்கள். இடி இல்லாத மழையென்றால் அதுதான் கிடைத்தற்கரிய பயிற்சி.

எடைக்கு ஒரு கணக்கு உண்டு. நடந்து பழகாத பிள்ளைக்கு உடல் எடையில் 15 சதவீதம் வரை, எந்தக் காரணம் கொண்டும் 20 சதவீதத்தைத் தாண்டாமல். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 6 கிலோ, மிஞ்சிப்போனால் 8. வீட்டில் எடை பார்த்தபோது சரியாக இருந்தது என்பார்கள். தண்ணீர் இல்லாமல் பார்த்திருப்பார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. குழுவுக்கான கூடாரத்தின் ஒரு பகுதி, உணவில் ஒரு பங்கு, இவையும் அந்தப் பைக்குள்தான் வரவேண்டும். எல்லாவற்றையும் உள்ளே வைத்த பிறகே தராசில் ஏற்றுங்கள்.

இப்போது பை. பள்ளிக் கூடத்தில் ஒரு மதியம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பொருளெல்லாவற்றையும் தரையில் பரப்பி வைக்கட்டும். முதலில் பைக்குள் ஒரு தடித்த பெரிய பிளாஸ்டிக் பையை விரிக்க வேண்டும். வெளியே போடும் மழையுறையை நம்பக் கூடாது. அது முதுகுப் பக்கம் மூடாது, காற்றில் கழன்றும் போகும், முதுகு வழியாக இறங்கும் தண்ணீர் நேரே அடியில் தேங்கும். அந்த அடியில் இருப்பது ஸ்லீப்பிங் பேக். உள்பையின் வாயை முறுக்கி மடித்துச் செருகினால், பை ஆற்றில் விழுந்தாலும் தூக்கம் நனையாது.

அடுக்கும் முறை எளிது. இரவுக்கு மட்டும் தேவைப்படுவது அடியில். கனமானது நடு உயரத்தில், முதுகை ஒட்டி. கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும், பிள்ளை முன்னுக்குக் குனிந்தே நடக்கும், மாலையில் தோள் வலி என்று அழும். ரெயின்கோட், தண்ணீர், தொப்பி, கொறிக்க ஏதாவது, இவை மேலே. மாட்டும்போது வரிசை முக்கியம்: முதலில் இடுப்புப் பட்டி, அதுவும் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. அதன் பிறகு தோள்பட்டி. கடைசியாக நெஞ்சுப் பட்டி. தோளை முதலில் இறுக்கிவிட்டால் இடுப்புப் பட்டி அலங்காரத்துக்குத் தொங்கும்.

கட்டி முடித்ததும் பிரிக்கச் சொல்லுங்கள். மறுபடி கட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் கட்ட வராத பிள்ளையால்தான் முகாமில் காலைப் புறப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாகும். அடுத்தது, வகுப்பறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் நெற்றி விளக்கை எடுத்துப் போடச் சொல்லுங்கள். பாதிப் பேரால் முடியாது. எடுத்தவர்களிலும் சிலருடைய விளக்கு எரியாது, ஏனென்றால் பைக்குள் பொத்தான் அமுங்கி ராத்திரியெல்லாம் எரிந்து தீர்ந்திருக்கும். பேட்டரிகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, தேவைப்படும்போது சரியாகத் திருப்பிப் போட்டால் போதும். (சார்ஜ் செய்யும் விளக்கென்றால் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.) இதையெல்லாம் செய்த பிள்ளை வீட்டில் தன் பையைத் தானே கட்டும். பெற்றோர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம், பையில் கை வைக்க வேண்டாம்.

பொருள் இல்லாத பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். "யாரிடம் ஸ்லீப்பிங் பேக் இல்லை, கை தூக்குங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்து, இருப்பது எது, வேண்டியது எது என்று நிரப்பி வாங்குங்கள். பள்ளியிலேயே ஒரு பொதுச் சேமிப்பு வைத்து, பத்து ரெயின்கோட், பத்து தரைவிரிப்பு என்று சேர்த்துவந்தால் சில வருடங்களில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஜீன்ஸ் வேண்டாம் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, எல்லா முகாமுக்கும் ஜீன்ஸ் வருகிறது. காரணத்தைச் சொல்லாததுதான் காரணம். ஒரு ஜீன்ஸையும் ஒரு செயற்கை இழைக் கால்சட்டையையும் வகுப்பில் வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, கொடியில் போடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் இரண்டையும் தொட்டுப் பார்த்தால் மீதியை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. உடையில் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டிய இன்னொரு விதி கொஞ்சம் கசப்பானது. நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட். தூங்கும் செட் உள்பையை விட்டு வெளியே வருவது இரவில் மட்டும். காலையில் ஈரமான நடை உடையையே மறுபடி மாட்ட வேண்டும். பத்து நிமிடம் நடந்தால் உடம்புச் சூட்டில் குளிர் தெரியாது. அது பிடிக்காமல் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இரண்டாம் இரவு காய்ந்த துணி ஒன்றுகூட இருக்காது. அதேபோல், குளிருக்கு மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே தரைவிரிப்பு இல்லாவிட்டால் பயனில்லை. உடலின் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், நிலம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் கழிப்பிடம். பேசாததால் வரும் கேடு இப்படித்தான் போகும்: இருட்டில் வெளியே போகப் பயந்து பிள்ளை மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைக்கும். மாலையில் தலைவலி. ஆசிரியர் வெயில் என்று நினைப்பார். மலத்தையும் அடக்கும். மூன்றாம் நாள் வயிற்றுவலி, சாப்பாடு இறங்காது, நடக்கத் தெம்பிருக்காது. முகாமில் வரும் தலைவலி, வயிற்றுவலி பலவற்றுக்கு மூலம் இதுதான். ஆகவே கிளம்பும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள். நீர்நிலை, பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். அந்தத் தூரத்தைப் பள்ளி மைதானத்தில் காலடியால் எண்ண வைத்தால், தன் கணக்கு எத்தனை அடி என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். சிறு மண்வெட்டியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி, முடிந்ததும் அதே மண்ணால் மூடல், காகிதத்தை ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருதல், சோப்புப் போட்டுக் கைகழுவல். சானிடைசர் வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாவற்றையும் கொல்லாது, சோப்பு வேண்டும். இரவில் துணையை எழுப்பலாம், எழுப்பப்பட்டவர் முணுமுணுக்கக் கூடாது என்பதும் விதிகளில் ஒன்றாக இருக்கட்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, அடர்ந்த மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் என்பது மிதமான நாளுக்கான கணக்கு, வெயிலில் இன்னும் வேண்டும்.

மாதவிடாய் நாளைக் கணக்குப் பார்த்து நாப்கின் கொண்டுவரச் சொல்வது போதாது. பயணமும் அலைச்சலும் நாளை முன்பின் தள்ளும், சிலருக்கு முதல் முறையே முகாமில் வரும். எல்லாப் பெண் பிள்ளைகளின் பையிலும் ஒளி ஊடுருவாத சிறு பை ஒன்றில் நாப்கினும், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர இரண்டு மூன்று ஜிப் பையும் இருக்கட்டும். உடன் வரும் ஒவ்வொரு ஆசிரியரிடமும், ஆண் ஆசிரியரிடமும், உபரி இருக்க வேண்டும்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டிவந்தால், கலங்கலாக இருப்பதைத் துணியில் வடிகட்டிய பிறகே சுத்திகரிக்க வேண்டும். நன்றாகத் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை என்றால் உறையில் எழுதியிருக்கும் அளவு, குறைந்தது 30 நிமிடக் காத்திருப்பு, தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் அதிகம். மாத்திரை கரைந்ததும் மூடியை லேசாகத் தளர்த்திப் பாட்டிலைக் கவிழ்த்து, மூடி திருகும் வாய்ப்புரியிலும் அந்தத் தண்ணீர் படச் செய்யுங்கள். உதடு படும் இடத்தில் ஓடைத் தண்ணீர் அப்படியே நின்றால் மாத்திரை போட்டதில் பொருளில்லை.

மருத்துவப் படிவத்தில் "எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று எழுதிவிட்டுப் பையில் இன்ஹேலர் வைத்து அனுப்பும் பெற்றோர் உண்டு. சொன்னால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்களோ என்ற பயம். படிவத்தின் மேலேயே எழுதுங்கள்: எதைச் சொன்னாலும் பிள்ளையை விலக்குவதற்காகக் கேட்கவில்லை. பிறகு குறிப்பாகக் கேளுங்கள். "வேறு ஏதாவது?" என்று கேட்டால் ஒன்றும் வராது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம், தூக்கத்தில் நடப்பது, இருட்டுப் பயம், மயக்கம், பயணத்தில் வாந்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தால் டிக் செய்வார்கள். படுக்கை நனையும் பிள்ளைக்கு உதவி செய்வது எளிது, ஒரே ஒரு ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்: ஸ்லீப்பிங் பேக்குக்குள் உறிஞ்சும் விரிப்பு, நள்ளிரவில் மெதுவாக எழுப்புவது, உபரி உடை ஆசிரியர் பையில்.

இன்ஹேலர் பிள்ளையின் மேல் பையில் ஒன்று, ஆசிரியரிடம் ஒன்று. காலாவதித் தேதியையும் மீதி எத்தனை அழுத்தம் என்பதையும் கிளம்பும் முன் பாருங்கள். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அட்ரினலின் ஊசி இரண்டு வேண்டும், ஐந்து முதல் 15 நிமிடத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது தேவைப்படும். அதைப் போடும் முறையை ஆசிரியர்கள் எல்லோரும் பயிற்சி ஊசியில் செய்து பார்த்திருக்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் வீண். குளிரான இடத்தில் அது ஆசிரியரின் உடம்போடு ஒட்டித் தூங்கட்டும்.

வீட்டு நினைப்பு பெரும்பாலும் படுக்கும் நேரத்தில்தான் வரும், அதுவும் முதல் இரவில். "பிடிக்கலன்னா ஒரு போன் போடு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று பெற்றோர் அன்போடு சொல்லியனுப்பும் வாக்கு அந்த நேரத்தில் பிள்ளையை உடைத்துவிடும். அதன் பிறகு அது முகாமை யோசிக்காது, போனைத்தான் யோசிக்கும். பெற்றோர் கூட்டத்தில் இதை நேராகச் சொல்லுங்கள், பதிலுக்குச் சொல்ல ஒரு வாக்கியமும் கொடுத்துவிடுங்கள்: "கஷ்டமா இருந்தா உங்க டீச்சர்கிட்ட சொல்லு, அவங்களுக்குத் தெரியும்." வீட்டை விட்டு ஒரு இரவுகூடத் தங்காத பிள்ளைகள் முன்னதாகப் பள்ளி மைதானத்தில் ஒரு இரவு கூடாரத்தில் தூங்கட்டும். கூடாரம் போடும் பயிற்சியும் அன்றே ஆகிவிடும், எந்தக் கூடாரத்தில் முளைகள் குறைகின்றன என்பதும் தெரியும்.

கூடாரத்துக்கு யாரோடு யார் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டால் கடைசியில் ஒருவர் தனியே நிற்பார். ஒவ்வொருவரும் மூன்று பெயரைச் சீட்டில் எழுதித் தரட்டும். மூவரில் ஒருவராவது கூட இருப்பார் என்று உறுதி சொல்லி, நீங்கள் பிரியுங்கள். இரண்டு வாரம் முன்பே அறிவித்துவிட்டால் அழுகையும் கோபமும் பள்ளியிலேயே முடிந்துவிடும்.

அடுப்பில் நடக்கும் விபத்துகளில் மோசமானது தீ பிடிப்பதல்ல, கொதிநீர் மடியில் கவிழ்வது. சம்மணம் போட்டு அடுப்பின் முன் உட்கார்ந்த பிள்ளையால் பாத்திரம் சாயும்போது நகர முடியாது. ஒற்றைக்கால் முட்டியிட்டோ குந்தியோ இருந்தால் துள்ளி எழலாம். இந்த ஒரு நிலையை வெறும் பாத்திரத்தோடு பத்து முறை பழக்குங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர், பற்பசையும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். கூடாரத்துக்குள் அடுப்பு ஒருநாளும் கூடாது, தீயைவிட கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும்.

நேரக் கணக்கில் ஆசிரியர்கள் ஏமாறுவது வழக்கம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது பழகிய பெரியவர்களுக்கு. பை சுமந்த பள்ளிக் குழுவுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வையுங்கள். 9 கிலோமீட்டரும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் மூன்றரை மணி, ஓய்வையும் சேர்த்தால் ஐந்து. வரிசையில் மெதுவாக நடப்பவர் முன்னால், முதலுதவிப் பெட்டியோடு ஒரு ஆசிரியர் கடைசியில். பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்த அந்த நொடியே முன்னால் நிற்பவர்கள் கிளம்பிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் களைத்தவர்களுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

எத்தனை மணிக்குள் வராவிட்டால் யார் யாருக்குச் சொல்வது என்பதை ஒரு தாளில் எழுதிப் பள்ளியில் ஒரு பிரதி, முகாமில் ஒரு பிரதி வையுங்கள். 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் படகுப் பயிற்சிக்குப் போன பள்ளிக் குழுவில் நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். குழு திரும்பவில்லை என்ற செய்தி கடலோரக் காவலுக்குப் போய்ச் சேர்ந்தது வெகு தாமதமாக. அதன் விளைவாக அந்த நாட்டில் 1995இல் சாகச மையங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று நியூசிலாந்தின் மங்காட்டெபோபோ பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளத்தில் சிக்கி ஆறு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். மழை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு ஓடைப் பக்கம் போவதில்லை என்ற முடிவைக் கிளம்பும் முன்பே எடுத்து, மாற்று வேலையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவலோடு நிற்கும் முப்பது முகங்களைப் பார்த்துக்கொண்டு அந்த முடிவை எடுப்பது யாருக்கும் கடினம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவென்றால் மேட்டை விட்டு இறங்கி உறுதியான கட்டடத்துக்கோ பேருந்துக்கோ போங்கள், கூடாரமும் தனிமரமும் ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் விசில். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் காத்திருந்து, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று வரும். வேடிக்கைக்கு ஊதினால் விசில் பறிபோகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நிஜமாக ஊதும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

திரும்பி வந்த மறுநாள் வகுப்பு தொடங்கும் முன், பிள்ளைகளைக்கொண்டே கூடாரங்களை விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நாறும். முளைகளை எண்ணி, குறைவதைக் கூடாரப் பையின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த குழு அதைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளோடு நடக்கும் முகாம் வழிகாட்டிகள்